லைசென்ஸ் டிராயிங்கிலேயே தொடங்குகிறது: ஏற்றுமதிக்கு இயந்திரம் வடிவமைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மரப்பெட்டி அடித்து, மேலே அம்புக்குறியெல்லாம் போட்டு, லாரிக்குக் காத்திருந்த ஒரு சிஎன்சி லேத் பதினோரு வாரம் எங்கள் கிடங்கை விட்டு நகரவில்லை. காரணம் 100 மில்லிமீட்டர்.

அந்த மாடலின் இசட் ஆக்சிஸ் (ஷாஃப்டின் நீளவாக்கில் ஓடும் அச்சு) நகர்வு 950 மில்லிமீட்டர். வாடிக்கையாளர் கொஞ்சம் நீளமான ஷாஃப்ட் திருப்ப வேண்டும் என்றார். நான் ஒரு மதியத்தில் பால் ஸ்க்ரூவையும் கைடுவேயையும் மாற்றி 1,050 ஆக்கிக் கொடுத்தேன். அந்த ஆக்சிஸின் ஒருதிசை ரிப்பீட்டபிலிட்டி, அதாவது ஒரே புள்ளிக்கு ஒரே திசையிலிருந்து திரும்பத் திரும்பப் போகும்போது வரும் சிதறல், 1.0 மைக்ரான். கட்டுப்பாட்டுப் பட்டியலை (லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாத பொருட்களின் அரசுப் பட்டியல்) பொறுத்தவரை, லேத்தில் நகர்வு ஒரு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் 0.9 மைக்ரான் அல்லது அதைவிடத் துல்லியமானது மட்டும்தான் உள்ளே வரும். ஒரு மீட்டரோ அதற்கு மேலோ என்றால் எல்லை 1.1 மைக்ரான். 950-இல் வெளியே நின்ற எங்கள் இயந்திரம் 1,050-இல் உள்ளே போய்விட்டது. துல்லியம் கூடவில்லை, நீளம் மட்டும்தான் கூடியது. ஆனாலும் லைசென்ஸ் இல்லாமல் அனுப்பக் கூடாத பொருளாகிவிட்டது.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்பது கடைசியில் ஷிப்பிங் பிரிவு பார்த்துக்கொள்ளும் காகித வேலை என்று நானும் நினைத்திருந்தேன். அது டிராயிங்கில் முடிவாகிற விஷயம். வடிவமைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே வரும் எண்கள் பல நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் பட்டியல்களில் உள்ளவை. பட்டியல்கள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவை. சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் நாட்டுப் பட்டியலின் இன்றைய பதிப்பு, ஆகவே அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. பட்டியலில் உங்கள் இயந்திரம் எங்கே என்று பாருங்கள்

ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே எண் முறையைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவின் ஸ்கோமெட் பட்டியலுக்கும் ஜப்பான் பட்டியலுக்கும் எண்கள் வேறு, ஆனால் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 2பி001 என்று வைத்துக்கொள்வோம். 2 என்பது பொருட்களைப் பதப்படுத்தும் இயந்திரங்கள் என்ற பிரிவு. பி என்பது உற்பத்தி மற்றும் சோதனைக் கருவி. கடைசி மூன்று இலக்கங்கள் எந்தச் சர்வதேசக் குழுவின் கவலை என்று சொல்லும். 001 முதல் 099 வரை வாசனார் ஏற்பாடு, அதாவது ராணுவப் பயன்பாடு. 100 வரிசை ஏவுகணை. 200 வரிசை அணுசக்தி. 300 வரிசை ஆஸ்திரேலியா குழு, அதாவது ரசாயன, உயிரியல் ஆயுதங்கள்.

எனவே மில்லிங் இயந்திரம் செய்கிறவர் 2பி001, 2பி201 இரண்டையும் பார்க்க வேண்டும். பேலன்சிங் இயந்திரம் என்றால் 2பி119. ரசாயன ஆலைக்கான வால்வு, பம்ப், ரியாக்டர் என்றால் 2பி350.

பொறி (மாட்டிக்கொள்ளும் இடம்): கஸ்டம்ஸ் எச்எஸ் கோடை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது வரிக்கான எண். ஒரே எச்எஸ் கோடின் கீழ் லைசென்ஸ் தேவைப்படும் லேத்தும் வரும், தேவைப்படாத லேத்தும் வரும்.

2. எல்லை எண்களை ஸ்பெக் ஷீட்டிலேயே எழுதுங்கள்

ஒவ்வொரு ஸ்பெக்குக்குப் பக்கத்திலும் 'கட்டுப்பாட்டு எல்லை' என்று ஒரு பத்தி (நெடுவரிசை) சேருங்கள். நகர்வு நீளம், ரிப்பீட்டபிலிட்டி, ஒருங்கிணைந்து ஓடும் ஆக்சிஸ் எண்ணிக்கை, டிரைவின் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) அதிகபட்ச ஃப்ரீக்வென்சி, திரவம் படும் பரப்பின் உலோகம், கொள்ளளவு. இந்தப் பத்தியில் உள்ள எதையாவது தொடும் டிசைன் மாற்றம் ஏற்றுமதி பார்ப்பவரின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக் கூடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு எக்செல் பத்தி. எங்களிடம் இது இருந்திருந்தால் அந்த லேத் அன்றைக்கே கிளம்பியிருக்கும், இல்லாவிட்டால் லைசென்ஸ் விண்ணப்பம் மூன்று மாதம் முன்பே போயிருக்கும்.

3. அளவீட்டை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2பி001 கேட்பது ஒருதிசை பொசிஷனிங் ரிப்பீட்டபிலிட்டி, சுருக்கமாக யுபிஆர். அளக்கும் முறை ஐஎஸ்ஓ 230-2:2014. லேசர் இன்டர்ஃபெரோமீட்டரை வைத்து, ஒவ்வொரு இலக்குப் புள்ளிக்கும் ஒரே திசையிலிருந்து ஐந்து முறை போக வேண்டும். அந்த ஐந்து அளவுகளின் திட்ட விலகலை நான்கால் பெருக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளிலும் வந்ததில் பெரியது அந்தத் திசையின் மதிப்பு. எதிர்த் திசைக்கும் இதே கணக்கு. இரண்டு திசைகளில் எது சிறியதோ அதுதான் யுபிஆர். எங்கள் லேத்தில் திட்ட விலகல் 0.25 மைக்ரான், நான்கால் பெருக்கினால் 1.0. அது 0.275-ஐத் தாண்டியிருந்தால் 1,050 மில்லிமீட்டரிலும் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்திருப்போம். இவ்வளவு மெல்லிய கோடு அது.

2பி201 கேட்பது வேறு. அது பொசிஷனிங் துல்லியம், அதாவது சொன்ன இடத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது, அதுவும் பழைய ஐஎஸ்ஓ 230-2:1988 முறைப்படி. லேத்துக்கும் மில்லிங்குக்கும் 6 மைக்ரான், கிரைண்டிங்குக்கு 4 மைக்ரான். ஆகவே யுபிஆரில் தப்பித்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது. ஒரு வாசலில் வெளியே வந்தவர் அடுத்த வாசலில் மாட்டலாம். இரண்டு கணக்கையும் ஒரே ரிப்போர்ட்டில் போட்டுவிடுங்கள்.

பிட்ச் எரர் காம்பன்சேஷனை (ஸ்க்ரூவின் பிழையைக் கன்ட்ரோலர் ஈடுகட்டுவது) அணைத்துவிட்டு அளந்தால் எண் மோசமாக வரும், தப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். துல்லியம் என்பது இயந்திரத்தில் கிடைக்கும் எல்லாக் காம்பன்சேஷனும் வேலை செய்யும்போது வரும் எண்தான். வேண்டுமென்றே மோசமாக அளப்பதற்கு டிசைன் என்று பேர் இல்லை, பொய்யான அறிவிப்பு என்றுதான் பேர்.

அணுசக்திப் பட்டியல் ஒரு வசதி தருகிறது. ஒவ்வொரு இயந்திரத்தையும் தனித்தனியாகச் சோதிக்காமல், ஒரு மாடலில் ஐந்து இயந்திரங்களை அளந்து சராசரி எடுத்து, அதை அந்த மாடலின் அறிவித்த மதிப்பாகப் பயன்படுத்தலாம். எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மாடல்களுக்கு 18 மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி உறுதிப்படுத்தச் சொல்கிறது. இந்தத் தேதியை யாருடைய காலண்டரிலாவது போட்டுவிடுங்கள்.

பொறி: விற்பனைப் பிரிவின் பிரசுரம். எங்கள் பிரசுரத்தில் 'மைக்ரானுக்கும் கீழான துல்லியம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எந்த ஸ்டாண்டர்டு, எந்த ஆக்சிஸ், எதுவும் இல்லை. விண்ணப்பத்தைப் பரிசீலித்த அதிகாரி எங்கள் அளவீட்டு ரிப்போர்ட்டையும் பிரசுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டார். அதற்குப் பதில் தயாரிக்கவே இரண்டு வாரம் போனது. பெருமையாக எழுதுகிற எண்ணும் சட்டத்துக்குச் சொல்கிற எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

4. எத்தனை ஆக்சிஸ் ஒன்றாக ஓடுகிறது?

பட்டியல் எண்ணுவது இயந்திரத்தில் உள்ள ஆக்சிஸ்களை அல்ல. ஒரே நேரத்தில் ஒருங்கிணைந்து வளைவு வெட்டக்கூடிய ஆக்சிஸ்களைத்தான். அதனால்தான் சில கன்ட்ரோலர்களுக்குத் தனி ஏற்றுமதிப் பதிப்பு இருக்கிறது. ஹைடன்ஹைன் நிறுவனத்தின் கன்ட்ரோலர் பெயருக்குப் பின்னால் ஈ என்ற எழுத்து இருந்தால் அது ஏற்றுமதிப் பதிப்பு, அதிகபட்சம் நான்கு ஆக்சிஸ்தான் ஒன்றாக ஓடும். ஐந்தாவது ஆக்சிஸ் இருக்கும், கோணத்துக்குத் திரும்பி நிற்கும், ஆனால் வெட்டும்போது மற்ற நான்கோடு சேர்ந்து நகராது.

வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பெட்டி வடிவப் பாகத்தின் ஐந்து பக்கங்களையும் ஒரே செட்டப்பில் வெட்டுவதுதான் தேவை என்றால் திரும்பி நின்று வெட்டுவதே போதும். டர்பைன் பிளேடு என்றால் போதாது. இரண்டாவது வகைக்கு லைசென்ஸ் வரும் என்று வைத்துக்கொண்டே விலையும் தேதியும் சொல்லுங்கள். அணுசக்திப் பட்டியலில் இரண்டு சுழல் ஆக்சிஸ் வளைவு வெட்டுவதில் சேர்ந்தாலே கவனத்துக்கு வந்துவிடும், நான்கு ஆக்சிஸ் பூட்டு மட்டும் அங்கே காப்பாற்றாது.

5. ஸ்பிண்டில் டிரைவ்: 600 என்ற எண்

டிரைவ் கேட்டலாக்குகளில் அதிகபட்ச அவுட்புட் ஃப்ரீக்வென்சி 590, 598, 599 ஹெர்ட்ஸ் என்று விநோதமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்: பலகட்ட அவுட்புட், 40 விஏ (வோல்ட்-ஆம்பியர்) அல்லது அதற்கு மேல் திறன், 600 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், ஃப்ரீக்வென்சிக் கட்டுப்பாடு 0.2 சதவீதத்தைவிடத் துல்லியம். இவை நான்கும் சேர்ந்தால் அந்த டிரைவ் அணுசக்திப் பட்டியலில் 3ஏ225. யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜை ஓட்ட இப்படிப்பட்ட டிரைவ்தான் வேண்டும்.

இது உங்கள் மோட்டார் தேர்வையே மாற்றும். 600 ஹெர்ட்ஸில் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 36,000 சுற்று ஓடும். நான்கு துருவம் என்றால் 18,000. எட்டு துருவம் என்றால் வெறும் 9,000. 20,000 சுற்று வேண்டும் என்று நான்கு துருவ மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால் 667 ஹெர்ட்ஸ் டிரைவ் வேண்டியிருக்கும். அதே வேகத்துக்கு இரண்டு துருவ மோட்டாருக்கு 334 ஹெர்ட்ஸ் போதும், சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் டிரைவ். டார்க், சூடு எல்லாம் பார்த்து முடிவெடுங்கள், ஆனால் துருவ எண்ணிக்கையை எழுதும் இடத்தில் இதையும் எழுதுங்கள்.

பொறி: இயந்திரத்துக்குள் இருப்பதால் டிரைவ் தப்பிவிடும் என்று எண்ணுவது. கழற்றி எடுத்தபின் தனியாக அந்த நான்கு தன்மையும் அதற்கு இருந்தால் அது கட்டுப்பாட்டில் இருக்கிறது. 'பாஸ்வேர்டு போட்டுக் குறைத்திருக்கிறோம்' என்றாலும் கவனம். பூட்டைத் திறக்க உற்பத்தியாளரிடமே திரும்ப அனுப்ப வேண்டும் அல்லது அவர் தரும் தனி மென்பொருளோ குறியீட்டுச் சாவியோ வேண்டும் என்றால்தான் விலக்கு உண்டு. அந்த மென்பொருளும் சாவியும் தாங்களே கட்டுப்பாட்டுப் பொருட்கள். சர்வீஸ் ஆள் தொலைபேசியில் ஒரு எண்ணைப் படித்துச் சொன்னாலும் அது ஏற்றுமதிதான்.

6. திரவம் படும் உலோகம்

ரசாயன இயந்திரம் செய்கிறவர்கள் இங்கே நிதானமாகப் படியுங்கள். 2பி350-இல் வடிவத்தைவிட உலோகம்தான் முக்கியம். 40 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள உலோகக்கலவை, 25 சதவீதத்துக்கு மேல் நிக்கலும் 20 சதவீதத்துக்கு மேல் குரோமியமும் சேர்ந்தது, டைட்டானியம், டான்டலம், ஜிர்கோனியம், கண்ணாடிப் பூச்சு, ஃப்ளூரோபாலிமர் போன்றவை பட்டியலில் உண்டு. சாதாரண 316எல் ஸ்டெயின்லெஸ் இல்லை. அதன்பின் அளவு: ரியாக்டர் 100 லிட்டருக்கு மேல் 20,000 லிட்டருக்குக் கீழ், ஹீட் எக்ஸ்சேஞ்சர் 0.15 சதுர மீட்டருக்கு மேல் 20-க்குக் கீழ், வால்வு 10 மில்லிமீட்டருக்கு மேல், இரட்டை சீல் அல்லது சீல் இல்லாத பம்ப் மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல்.

ஹேஸ்டெல்லாய் சி-276 என்றால் சந்தேகமே வேண்டாம், பாதிக்கு மேல் நிக்கல். தலைவலி நடுவில் இருப்பவற்றில்தான். அலாய் 20-இல் நிக்கல் 32 முதல் 38 சதவீதம், குரோமியம் 19 முதல் 21. 904எல்-இல் நிக்கல் 23 முதல் 28, குரோமியம் 19 முதல் 23. ஒரு வார்ப்பு வெளியே, அடுத்த வார்ப்பு உள்ளே! கிரேடின் வீச்சைப் பார்ப்பதா, கையில் உள்ள ஹீட்டின் (ஒரே உருக்கில் வந்த தொகுதி) மெட்டீரியல் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டைப் பார்ப்பதா என்று உங்கள் லைசென்ஸ் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்க நேரமில்லை என்றால் அந்தக் கிரேடைத் தொடாதீர்கள். 316எல் தாங்குகிற இடத்தில் 'இருக்கட்டுமே' என்று உயர்ந்த கலவை போடும் பழக்கம் நமக்கு உண்டு. விலை அதிகம் என்பதோடு லைசென்ஸும் இழுத்துக்கொண்டு வரும்.

சாதாரண இரும்பு வால்வுக்கு டெஃப்லான் (அதுவும் ஒரு ஃப்ளூரோபாலிமர்) லைனிங் கொடுத்தாலும் இதே கதைதான். பட்டியல் பார்ப்பது வெளி உடம்பை அல்ல, திரவம் தொடும் பரப்பை.

7. வாங்கும் பாகங்கள்

ஒவ்வொரு சப்ளையரிடமும் பர்ச்சேஸ் ஆர்டருக்கு முன்பே மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: கட்டுப்பாட்டு எண், உற்பத்தி நாடு, அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டதா என்பது. கடைசிக் கேள்வி ஏனென்றால், நீங்கள் எந்த நாட்டில் இயந்திரம் செய்தாலும் அதற்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அமெரிக்கப் பாகங்களின் மதிப்பு பொதுவாக 25 சதவீதத்தைத் தாண்டினால், சில தடை நாடுகளுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால், அமெரிக்க மறுஏற்றுமதி விதி உங்கள் இயந்திரத்தின் மீதும் வரும். இந்தக் கணக்கே செல்லாத பாகங்களும் உண்டு, அவை சிறிதளவு இருந்தாலும் விதி வரும்.

மறந்துபோகும் பாகம் தெர்மல் கேமரா. வெல்டிங், வார்ப்பு இயந்திரங்களில் வெப்பம் பார்க்க மாட்டுகிறோம். குளிரூட்டப்படாத கேமராக்களில் நொடிக்கு 9 படம் அல்லது அதற்குக் கீழ் என்றால் முக்கியக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் செயல்முறைக்கு 9 போதுமா என்று சோதித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பல இடங்களில் போதும்.

8. டிராயிங்கும் பொருள்தான்

கட்டுப்பாட்டில் உள்ள இயந்திரத்தின் வடிவமைப்பு விவரங்களை வெளிநாட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதி. வெளிநாட்டு சப்ளையரிடம் கொட்டேஷன் கேட்க முழு அசெம்பிளி மாடலையும் அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். அவருக்கு வேண்டிய ஒரு பாகத்தின் டிராயிங் மட்டும் போகட்டும். அமெரிக்காவில் இருந்தால், உள்நாட்டிலேயே வெளிநாட்டுக் குடிமகனான சக ஊழியருக்கு அந்தத் தொழில்நுட்பத்தைக் காட்டுவதும் ஏற்றுமதியாகக் கருதப்படும்.

9. விண்ணப்பம்: காகிதம், செலவு, காலம்

கையில் இருக்க வேண்டியவை: வாடிக்கையாளர் கையெழுத்திட்ட இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ், ஒப்பந்தம் அல்லது ஆர்டர் நகல், டேட்டாஷீட், அளவீட்டு ரிப்போர்ட், இயந்திரம் நிற்கப்போகும் தொழிற்சாலையின் முகவரி, அங்கே என்ன பாகம் செய்யப்போகிறார்கள் என்ற விளக்கம். கடைசியில் சொன்னதை ஒரே வரியில் 'பொதுப் பொறியியல் வேலை' என்று எழுதினால் கேள்வி நிச்சயம். பாகத்தின் பெயர், உலோகம், யாருக்கு விற்கிறார்கள் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். இடையில் டீலர் இருந்தால் அவருடைய சான்றிதழ் மட்டும் போதாது, இயந்திரத்தை ஓட்டப்போகிறவரின் கையெழுத்து வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அமெரிக்க வர்த்தகத் துறை இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே வாங்குவதில்லை. உண்மையான செலவு காத்திருப்பில்தான் இருக்கிறது: கிடங்கில் இடம், வராத பாக்கித் தொகை, தாமத அபராதம். அமெரிக்காவில் விண்ணப்பத்தை 90 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் அல்லது மேலே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு உண்டு, ஆனால் உங்களிடம் விளக்கம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்கள் அதில் சேராது. ஆகவே திட்டத்தில் மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். ஒப்பந்தத்தில் டெலிவரி தேதியை 'லைசென்ஸ் கிடைத்த நாளிலிருந்து இத்தனை வாரம்' என்று எழுதுங்கள். நாங்கள் நிலையான தேதி எழுதி அபராதம் கட்டினோம்.

லைசென்ஸுக்கு ஆயுள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வாடிக்கையாளருக்கான தனி லைசென்ஸ் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. இயந்திரம் கட்ட ஒன்றரை ஆண்டு ஆகும் என்றால் எப்போது விண்ணப்பிப்பது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பொறி: எல்லா எண்ணுக்கும் வெளியே இருக்கிறோம், ஆகவே விண்ணப்பமே வேண்டாம் என்ற முடிவு. பட்டியலில் இல்லாத இயந்திரமும், ஆயுதத் திட்டத்துக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், அல்லது அரசு உங்களுக்குச் சொன்னால், லைசென்ஸுக்குள் வந்துவிடும். இன்ஸ்டலேஷன் வேண்டாம், ட்ரெய்னிங் வேண்டாம், முழுப் பணமும் முன்கூட்டியே தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், விசாரியுங்கள்.

10. அனுப்பியபின்

உயர் துல்லிய இயந்திரங்களில் சில உற்பத்தியாளர்கள் இடமாற்றத்தைக் கண்டறியும் சாதனம் வைக்கிறார்கள். இயந்திரத்தை அசைத்து வேறு இடத்தில் நிறுத்தினால் பூட்டிக்கொள்ளும், உற்பத்தியாளர் வந்து சரிபார்த்துத் திறக்க வேண்டும். நீங்களும் இதைச் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு விஷயங்களை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: நில அதிர்விலோ தொழிற்சாலைக்குள்ளேயே நகர்த்தும்போதோ பூட்டிக்கொண்டால் எத்தனை நாளில் ஆள் போவார், அந்தப் பயணச் செலவு யாருடையது. வாடிக்கையாளருக்கு இதை ஆர்டருக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள்.

ஆவணங்களை அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அளவீட்டு ரிப்போர்ட்டின் அச்சுப் பிரதி மட்டும் போதாது, லேசரிலிருந்து வந்த மூல டேட்டா ஃபைலையும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ். கெட்டுப்போன டிரைவ் போர்டுக்கு மாற்று போர்டை கூரியரில் போடும் முன், அந்தப் போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். எங்கள் ஸ்டோரில் உள்நாட்டுப் பதிப்பும் ஏற்றுமதிப் பதிப்பும் ஒரே அலமாரியில், ஒரே பார்ட் நம்பரில் இருந்தன. இப்போது ஏற்றுமதிப் போர்டுக்குத் தனி நம்பர், தனி அலமாரி, மேலே மஞ்சள் ஸ்டிக்கர்.

அந்த லேத்துக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. இசட் ஆக்சிஸ் அடுத்த பதிப்பில் 990 மில்லிமீட்டர். அந்த வாடிக்கையாளரின் மிக நீளமான ஷாஃப்டுக்கு உண்மையில் தேவைப்பட்டது 970-தான்.